குளிப்பாட்டினால் கன்றிப்போகும் குழந்தை: மாஸ்ட் செல் தோல் நோய், ஒரு நிகழ்வு ஆய்வு

"குளிப்பாட்டி எடுத்தா பிள்ளைக்கு மேலெல்லாம் கன்னிப்போயிடுது டாக்டரம்மா. அப்புறம் அடிச்சுப் போட்ட மாதிரி தூங்குறான்."

சொன்னது குழந்தையின் அம்மா அல்ல, பாட்டி. தோல் நோய்ப் பிரிவு ஓ.பி.யில் கூட்டம் நெரிகிற திங்கட்கிழமை அது. அம்மா மடியில் ஏழு மாத ஆண் குழந்தை. பாட்டி கையில் ஒரு துணிப்பை, அதற்குள் ஐந்து மாதத்துச் சீட்டுகள். அந்தச் சீட்டுகள் எதிலும் பாட்டி சொன்ன இந்த வரி இல்லை. யாரும் அவரைக் கேட்கவில்லை. ஓ.பி.யில் நாங்கள் அம்மாவிடம்தான் பேசுவோம், குளிப்பாட்டுகிறவரிடம் அல்ல. இந்த நோயில் குளிப்பாட்டுகிறவர்தான் முதல் சாட்சி. இதை எழுத உட்கார்ந்ததற்குக் காரணமே அதுதான்.

பெற்றோர் சம்மதத்துடன் எழுதுகிறேன். அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை விட்டுவிட்டேன்.

நோயின் வரலாறு

சுகப்பிரசவம், பிறப்பு எடை 2.9 கிலோ. இரண்டரை மாதத்தில் முதுகில் நாலைந்து பழுப்புத் திட்டுகள் தெரிந்தன. மச்சம் என்று விட்டுவிட்டார்கள். மூன்று மாதத்தில் வயிறு, தொடை, நெற்றி, தலை என்று பரவியது. பக்கத்து ஊர் மருத்துவர் சிரங்கு என்று சொல்லி, வீட்டில் எல்லோருக்கும் பெர்மெத்ரின் களிம்பு எழுதிக் கொடுத்தார். இரண்டு தடவை பூசியும் பலனில்லை. ஐந்தாம் மாதத்தில் முதுகுத் திட்டுகள் இரண்டின் மேல் நீர்க் கொப்புளம் கிளம்பி உடைந்தது. ஒருவர் ஆன்டிபயாடிக் கொடுத்தார். உறவுக்காரர் ஒருவர் அக்கி என்று சொல்ல, குயவர் வீட்டுக்குத் தூக்கிப்போய் காவி எழுதி வந்தார்கள். எங்கள் ஓ.பி.க்கே ஆறாம் மாதத்தில் ஒரு முறை வந்திருக்கிறார்கள். எங்கள் சீட்டிலும் பூச்சிக்கடி என்றுதான் எழுதியிருந்தது.

கொப்புளம் தழும்பில்லாமல் ஆறியது. ஆறிய இடத்தில் அதே பழுப்புத் திட்டு மறுபடி இருந்தது. சிரங்கோ பூச்சிக்கடியோ இப்படி மாதக்கணக்கில் அதே இடத்தில், அதே அளவில் உட்கார்ந்திருக்காது. சீட்டுகளைத் தேதிவாரியாக அடுக்கிப் பார்த்தபோதுதான் இது எனக்கு உறைத்தது. ஒவ்வொருவரும் அன்றைய தோலை மட்டும் பார்த்திருக்கிறோம்.

பாட்டியிடம், குளிப்பாட்டுவதை ஒன்றுவிடாமல் சொல்லச் சொன்னேன். வெட்கப்பட்டுக்கொண்டே சொன்னார். முற்றத்தில் காலை நீட்டி உட்கார்வார். முழங்காலுக்குக் கீழே பிள்ளையைக் கவிழ்த்துப் போட்டு, தேங்காய் எண்ணெய் வைத்து முதுகை அழுத்தி உருவுவார். மல்லாத்தி மார்பு, கை, கால் நீவுவார். பயத்தமாவு தேய்ப்பார். செம்பு செம்பாக வெந்நீர். "சூடு நல்லா இருந்தாத்தான் பிள்ளைக்கு உடம்பு அலுப்பு தீரும்." கடைசியில் சாம்பிராணிப் புகை. முதுகு உருவும்போதே திட்டுகள் புடைத்துக்கொள்ளும், வெந்நீர் விட்டதும் முகமும் மார்பும் கன்றும், அரை மணி நேரத்தில் வாடும் என்றார். அதைத் தன் கைப்பட்ட தோஷம் என்று நினைத்துக்கொண்டு இரண்டு மாதமாக மருமகனிடம்கூடச் சொல்லாமல் இருந்திருக்கிறார்.

அழுத்தித் தேய்த்தல், சூடு, திடீர் வெப்பமாற்றம். தோலில் ரசாயனங்களைப் பொதிந்து வைத்திருக்கும் மாஸ்ட் செல்லைக் கிளறிவிடப் பாடப்புத்தகம் சொல்லும் காரணிகளில் மூன்று அந்த முற்றத்தில் தினமும் நடந்திருக்கின்றன.

பரிசோதனை

எடை 7.2 கிலோ, வளர்ச்சி சரி, காய்ச்சல் இல்லை. கல்லீரல், மண்ணீரல், நிணநீர்க் கணுக்கள் கைக்குத் தட்டுப்படவில்லை. உடலில் 41 திட்டுகள் எண்ணினேன். அரை சென்டிமீட்டரிலிருந்து மூன்று சென்டிமீட்டர் வரை, ஒன்றுபோல ஒன்று இல்லை. சில தட்டை, சில லேசாக மேடு, பெரியவை தொட்டால் ஆரஞ்சுத் தோல் மாதிரி. நிறம் மஞ்சள் கலந்த பழுப்பு. உள்ளங்கை, உள்ளங்காலில் எதுவும் இல்லை.

அடுத்தது டேரியர் சோதனை. பிரெஞ்சுத் தோல் மருத்துவர் ழான் டேரியர் பெயரால் வழங்குவது. நாக்கை அழுத்திப் பார்க்கிற மரக்குச்சியால் தொடையிலிருந்த ஒரு சிறிய திட்டை, மிதமான அழுத்தத்தில் ஐந்து முறை தடவினேன். பக்கத்தில் திட்டு இல்லாத தோலையும் அதே மாதிரி தடவி வைத்தேன், ஒப்பிட. முதல் நிமிடம் ஒன்றும் இல்லை. மூன்றாவது நிமிடம் திட்டின் ஓரம் எழும்பியது. ஐந்தாவது நிமிடம் கொசு கடித்த தடிப்பு போல முழுதும் புடைத்து நின்றது. பக்கத்துத் தோல் அப்படியே கிடந்தது. பாட்டி எட்டிப் பார்த்து, "இதேதான் டாக்டரம்மா" என்றார்.

இங்கே இளம் மருத்துவர்களுக்கு ஒன்று. நாம் படித்த படங்கள் பெரும்பாலும் வெள்ளைத் தோலில் எடுத்தவை. அவற்றில் சுற்றிலும் ரோஜா நிறத்தில் சிவப்பு படரும். நம் குழந்தைகளின் மாநிறத் தோலிலும் கறுத்த தோலிலும் அந்தச் சிவப்பைத் தேடினால் ஏமாந்துபோவீர்கள். தெரிவதெல்லாம் ஒரு கருமை ஏறுதல், அவ்வளவுதான். டார்ச் விளக்கைத் தோலோடு ஒட்டிச் சாய்த்துப் பிடித்தால் மேட்டின் நிழல் விழும். கண்ணை மூடிக்கொண்டு விரல் நுனியால் வருடினால் ஓரம் தட்டும். கன்றிப்போகுது என்ற பாட்டியின் சொல் எங்கள் பாடப்புத்தகத்துச் சிவப்பைவிடச் சரியான சொல். பெரிய முடிச்சாக ஒற்றைக் கட்டி இருந்தாலோ, உடல் முழுவதும் தோல் தடித்திருந்தாலோ இந்தச் சோதனையைச் செய்யக் கூடாது. மாஸ்ட் செல்களிலிருந்து ஒரேயடியாக வெளிவரும் ஹிஸ்டமின் என்ற ரசாயனம், குழந்தையின் ரத்த அழுத்தத்தையே இறக்கிவிடலாம்.

தடவினால் புடைக்கும் குறியும் திட்டுகளின் அமைப்பும் இவ்வளவு தெளிவாக இருக்கும்போது பயாப்ஸி கட்டாயம் இல்லை. ஆனாலும் செய்தோம். கொப்புள வரலாறு இருந்தது. அதைவிட, ஐந்து பேர் ஐந்து பெயர் சொல்லிக் கேட்டுவிட்ட குடும்பம் ஆறாவது பெயரை நம்ப வேண்டுமே. தொடையில் லிக்னோகெயின் கொடுத்து 3 மில்லிமீட்டர் துண்டு எடுத்தோம். மேல்தோலுக்குக் கீழே மாஸ்ட் செல்கள் மந்தையாக அடைத்து நின்றன. டொலுயிடின் நீலச் சாயம் ஏற்றியதும் அவற்றின் துகள்கள் நீலத்தை விட்டு ஊதாவுக்கு மாறின. மாஸ்ட் செல்லை அடையாளம் காட்டும் சி.டி.117 சாயமும் ஏற்றது.

ரத்த அணுக்கள், கல்லீரல் சோதனை இயல்பு. மாஸ்ட் செல் வெளியிடும் ட்ரிப்டேஸ் என்ற புரதம், ரத்தத்தில் ஒரு மி.லி.க்கு 8.6 நானோகிராம். 11.4 வரை இயல்பு, 20-ஐத் தாண்டினால் உடலுக்குள்ளும் பரவியிருக்கிறதா என்று யோசிக்க வேண்டும். உறுப்புகள் பெருக்கவில்லை, அணுக்கள் குறையவில்லை, ட்ரிப்டேஸ் ஏறவில்லை. ஆகவே எலும்பு மஜ்ஜைச் சோதனை தேவைப்படவில்லை. இணையத்தில் படித்துவிட்டு வரும் பெற்றோர் பலர் முதலில் பயந்து கேட்பது இதைத்தான். தோலோடு நிற்கிற குழந்தைக்கு அது வேண்டியதில்லை.

முடிவு: தோலோடு நிற்கும் மாஸ்டோசைடோசிஸ், பல அளவுத் திட்டுகள் கொண்ட வகை. பழைய பெயர் அர்டிகேரியா பிக்மென்டோசா.

என்ன நடக்கிறது தோலுக்குள்

மாஸ்ட் செல் எல்லோர் தோலிலும் உண்டு. ஹிஸ்டமின் முதலான ரசாயனங்களைத் துகள்களாகப் பொதிந்து வைத்துக்கொண்டு ரத்தக்குழாய், நரம்புகளின் ஓரத்தில் காவல் இருக்கும் செல் அது. இதன் மேல்பரப்பில் கிட் என்றொரு ஏற்பி உண்டு. வளர், பெருகு என்ற கட்டளையை வாங்குவது அதுதான். அழைப்பு மணியின் சுவிட்ச் உள்ளே சிக்கிக்கொண்டால் யாரும் அழுத்தாமலே மணி அடித்துக்கொண்டிருக்கும் இல்லையா, அதுபோல கிட் மரபணுவில் ஒரு பிறழ்வு வந்தால் கட்டளை வராமலே செல் பெருகும். 2010-இல் பிரான்சிலிருந்து வந்த ஆய்வொன்றில் 50 குழந்தைகளின் தோலைச் சோதித்தபோது 86 விழுக்காட்டினரிடம் இந்தப் பிறழ்வு இருந்தது. பெரியவர்களில் பெரும்பாலும் 816 என்ற ஒரே இடத்தில் வரும் பிறழ்வு, குழந்தைகளில் பாதிப்பேருக்கு அதே மரபணுவின் வேறு இடங்களில் இருந்தது.

அம்மா அதுவரை வாயே திறக்கவில்லை. பிள்ளையை மாற்றிப் போட்டுக்கொண்டு கேட்டார்: "மாசமா இருக்கும்போது கிரகணத்தன்னிக்கு வெளிய போயிட்டேன் மேடம். அதனாலயா?" இல்லை. கருவான பிறகு ஒரு செல்லில் தற்செயலாக நேர்ந்த பிறழ்வு இது. பெரும்பாலான குழந்தைகளில் இது பரம்பரையாக வருவதில்லை. அம்மா சாப்பிட்டதாலோ போன இடத்தாலோ வந்ததும் இல்லை. தொற்றாது, தூக்கிக் கொஞ்சலாம். இதை மூன்று தடவை சொன்னேன். மூன்றாவது தடவைதான் அந்த முகம் இளகியது. வேறு எந்த மருந்தையும் நான் அன்று இவ்வளவு நம்பிக்கையோடு கொடுக்கவில்லை.

இந்த நோயின் கதையில் ஒரு விந்தை உண்டு. 1869-இல் லண்டனில் நெட்டில்ஷிப், டே என்ற மருத்துவர்கள் இரண்டு வயதுப் பெண் குழந்தை ஒன்றின் பழுப்புத் தடிப்புகளை முதன்முதலாகப் பதிவு செய்தார்கள். 1878-இல் சாங்ஸ்டர் என்ற மருத்துவர் அதற்கு அர்டிகேரியா பிக்மென்டோசா என்று பெயர் வைத்தார். அதே 1878-இல் ஜெர்மனியில் மாணவராக இருந்த பால் எர்லிக், சாயம் ஏற்றிப் பார்த்துக்கொண்டிருந்தபோது துகள் நிறைந்த ஒரு செல்லைக் கண்டு, நன்றாகத் தின்று கொழுத்தது என்ற பொருளில் மாஸ்ட் செல் என்றார். நோய்க்கும் செல்லுக்கும் ஒரே ஆண்டில் பெயர் வந்தும், இரண்டுக்கும் உறவு உண்டென்று ஜெர்மன் தோல் மருத்துவர் ஊன்னா காட்ட 1887 ஆகிவிட்டது. பெயர் இருந்தும் ஒன்பது ஆண்டுகள். நம் பிள்ளைக்கு ஐந்து மாதம் ஆனதை நினைத்து நான் வருந்தியபோது இதுதான் நினைவுக்கு வந்தது.

சிகிச்சை

செட்டிரிசின் சொட்டு மருந்து தினமும் 2.5 மி.கி. அடிக்கடி கொப்புளம் எழும் இரண்டு திட்டுகளுக்கு மட்டும் சில நாள் ஸ்டீராய்டு களிம்பு. இவ்வளவுதான் மருந்து. திட்டைக் கரைக்கும் மருந்து இது எதுவும் இல்லை, அரிப்பையும் கன்றுதலையும் அடக்கும். திட்டு தானாகத்தான் போகும்.

மீதியெல்லாம் முற்றத்துச் சிகிச்சை. குளியலை நிறுத்தச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்தப் பாட்டிக்கும் பேரனுக்கும் நடுவே அதுதான் உறவு. எண்ணெய் பூசலாம், உருவ வேண்டாம். மாவு வேண்டாம். தண்ணீர் முழங்கை வைத்துப் பார்த்தால் சூடும் தெரியக்கூடாது, சில்லென்றும் இருக்கக்கூடாது. துண்டால் துவட்டாமல் ஒற்றி எடுக்க வேண்டும். பாட்டி தன் முழங்கையைத் தூக்கிக் காட்டி, "இதுவா அளவு?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

தவிர்க்க வேண்டியவற்றைத் தமிழில் ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தேன்: கோடீன், டெக்ஸ்ட்ரோமெதார்பன் கலந்த இருமல் மருந்துகள், கேட்காமல் கொடுக்கும் இபுபுரோஃபென், பாலிமிக்ஸின் கலந்த களிம்பும் சொட்டு மருந்தும். காய்ச்சலுக்குப் பாராசிட்டமால். மயக்க மருந்து கொடுக்க நேர்ந்தால் முன்கூட்டியே சொல்ல வேண்டும். குளவி, தேனீ கொட்டினால் உடனே மருத்துவமனை. சீட்டின் அடியில், மருத்துவருக்கான வரி: அட்ரினலின், தொடையின் வெளிப்புறத் தசையில், 0.07 மி.லி. ஒரு மி.லி.யில் ஒரு மி.கி. உள்ள ஆம்பூலிலிருந்து, கிலோவுக்கு 0.01 மி.கி. என்ற கணக்கு. தானே குத்திக்கொள்ளும் அட்ரினலின் பேனா நம் ஊர் மருந்துக்கடையில் எளிதில் கிடைப்பதில்லை. கிராமத்துக் குடும்பத்துக்குப் பேனாவைவிட இந்தச் சீட்டு மேல். ஆரம்ப சுகாதார நிலையத்தில் அட்ரினலின் ஆம்பூல் இருக்கும். எவ்வளவு, எங்கே, ஏன் என்பதுதான் அந்த நேரத்தில் தேவை.

தடுப்பூசியை நிறுத்த வேண்டாம் என்றும் அதில் எழுதினேன். ஒன்பதாம் மாதம் தட்டம்மை, ரூபெல்லா ஊசி போட வேண்டியிருந்தது. கிராம செவிலியர் பயந்து தள்ளிப்போடப் பார்த்தார். சுகாதார நிலையத்திலேயே போட்டு ஒரு மணி நேரம் உட்காரவைத்துப் பார்த்தோம். ஒன்றும் ஆகவில்லை.

பதினோராம் மாதம்

ஒரு மாலை காய்ச்சல், இருமல். அப்பா வேலை முடிந்து வரும் வழியில் இருமல் சிரப் வாங்கி வந்தார். சீட்டு அவர் கண்ணில் பட்டதே இல்லை. பக்கத்து வீட்டு அக்கா மார்பிலும் முதுகிலும் தைலம் தேய்த்துவிட்டார். இருபது நிமிடத்தில் பிள்ளை முழுக்கக் கன்றி, இரண்டு முறை வாந்தி எடுத்து, தலை சாய்ந்துவிட்டான். அம்மா சீட்டை எடுத்துக்கொண்டு ஆட்டோவில் சுகாதார நிலையத்துக்கு ஓடினார். அங்கே பணியில் இருந்த இளம் மருத்துவர் இந்த நோயை அதுவரை பார்த்ததில்லையாம். சீட்டைப் படித்தார், எடை போட்டார், 8.3 கிலோ. ஒரு மி.லி. சிரிஞ்சில் 0.08 மி.லி. எடுத்துத் தொடையில் போட்டார். பத்து நிமிடத்தில் பிள்ளை அழுதான். அந்த அழுகையை அம்மா இன்றும் சொல்லிக் காட்டுவார்.

எது காரணம்? சிரப்பில் டெக்ஸ்ட்ரோமெதார்பன் இருந்தது. ஆனால் காய்ச்சலே ஒரு தூண்டுகோல். தைலம் தேய்த்த உரசல் இன்னொன்று. மூன்றையும் பிரித்துப் பார்க்க வழியில்லை, மறுபடி கொடுத்துச் சோதிப்பதும் நியாயம் இல்லை. மூன்றும் சேர்ந்து கொள்ளளவைத் தாண்டியது என்றுதான் நான் நினைக்கிறேன். எங்கள் பிழையும் இதில் உண்டு. சீட்டு ஒன்றுதான் கொடுத்தோம், அதுவும் அம்மா கையில். வீட்டில் பிள்ளைக்கு மருந்து கொடுப்பவர் நாலு பேர். அதன்பிறகு நாலு பிரதி கொடுக்கிறோம், அப்பாவைக் கட்டாயம் வரச் சொல்லி உட்காரவைத்துப் பேசுகிறோம்.

மொட்டை

ஒரு வயதில் குலதெய்வக் கோயிலில் மொட்டை, காதுகுத்து. தலையில் ஏழு திட்டுகள் இருந்தன. போகலாமா என்று பயந்துபயந்து கேட்டார்கள். சித்திரை வெயில், கூட்டம், அழுகை, சவரக்கத்தி, அதன்மேல் குளிர்ந்த சந்தனம். பட்டியல் போட்டால் வேண்டாம் என்றுதான் வரும். ஆனால் வேண்டுதல் என்பது அந்த வீட்டில் சிறிய விஷயம் இல்லை. மாதத்தை மார்கழிக்குத் தள்ளினோம். காலை ஆறரைக்கு, காதுகுத்தை வேறு நாளுக்கு ஒத்திவைத்து, செட்டிரிசின் கொடுத்துவிட்டு, கத்திக்குப் பதில் மெஷின் வைத்து ஒட்ட வெட்டச் சொன்னோம். பூசாரியிடம் அப்பாவே பேசிச் சம்மதம் வாங்கினார். நெற்றிப் பக்கத் திட்டு ஒன்று மட்டும் புடைத்து அரை மணியில் வாடியது. மருத்துவம் சொல்வதையும் வீடு விரும்புவதையும் எதிரெதிரே நிறுத்தாமல் பேசினால் பாதி வழி கிடைத்துவிடுகிறது.

வேறுபடுத்திப் பார்த்தவை

சிரங்கு முடிச்சும் குழந்தைகளில் பழுப்பாகப் பல வாரம் நிற்கும். ஆனால் அது அக்குள், பிறப்புறுப்பு, உள்ளங்கால்களில் சேரும், வீட்டில் வேறு யாருக்காவது இரவு அரிப்பு இருக்கும். பூச்சிக்கடித் தடிப்பு வந்து வந்து போகும். கொப்புளம் உடைந்து தேன் நிறப் பொருக்கு கட்டினால் சீழ்த்தொற்று. மச்சமும் பால் காபி நிறத் திட்டும் தடவினால் புடைக்காது. சாந்தோகிரானுலோமா என்ற மஞ்சள் முடிச்சும் புடைக்காது. இந்த ஆறையும் பிரித்துவிட ஒரு மரக்குச்சியும் ஐந்து நிமிடமும் பெரும்பாலும் போதும். ஐந்து நிமிடம் என்பது எங்கள் ஓ.பி.யில் பெரிய கேட்பு என்று எனக்குத் தெரியும். அந்தக் குழந்தையைப் பக்கத்தில் உட்காரவைத்துவிட்டு அடுத்தவரைப் பார்க்கலாம், திரும்பும்போது தோல் பதில் சொல்லியிருக்கும்.

பின்தொடர்தல்

இந்த நோய் பெரும்பாலும் இரண்டு வயதுக்குள் தொடங்குகிறது. பல அளவுத் திட்டுகள் கொண்ட குழந்தைகளில் பெரும்பாலோருக்கு விடலைப் பருவத்துக்குள் மங்கிப்போகும். ஒரே அளவிலான சின்னச் சின்னப் புள்ளிகளாக வருவது மட்டும் பெரியவரான பிறகும் நீடிக்கக்கூடும், அவர்களைக் கவனமாகத் தொடர வேண்டும்.

இந்தப் பிள்ளைக்கு இரண்டரை வயதோடு கொப்புளம் நின்றது. செட்டிரிசினைத் தினமும் கொடுப்பதை மூன்று வயதில் நிறுத்தி, தேவைப்படும்போது மட்டும் என்று மாற்றினோம். ட்ரிப்டேஸ் 5.2. போன மாதம் வந்தபோது வயது நாலரை. திட்டுகள் 41-லிருந்து 23 ஆகியிருந்தன, தலையில் முடிக்கு அடியில் தேடினால் இரண்டு. தொடையில் பழைய திட்டு ஒன்றை ஐந்து முறை தடவினேன். ஏழு நிமிடம் கழித்து விரலுக்குத்தான் லேசாகத் தட்டியது, கண்ணுக்குத் தெரியவில்லை. "கூசுது" என்று சிரித்தான்.

எல்.கே.ஜி. சேர்த்திருக்கிறார்கள். டீச்சரம்மாவுக்கு ஒரு பிரதி வேண்டும் என்று பாட்டி பழைய சீட்டை நீட்டினார். நாலாக மடித்து மடித்து, எண்ணெய்க் கறை ஏறி, மடிப்பில் கிழிந்திருந்தது. எடை 15 கிலோ. 0.07 என்பதை அடித்துவிட்டு 0.15 என்று எழுதி, தேதி போட்டுக் கையெழுத்திட்டேன். லேமினேட் செய்யட்டுமா என்று கேட்டார். அடுத்த வருடம் எடை ஏறும், மறுபடி திருத்த வேண்டும், பிளாஸ்டிக் கவரில் போட்டு வையுங்கள் என்றேன்.